ஜோர்தானுக்கு ஆறு பேர்

நாகர்கோவிலில் இறங்கிய அன்றே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு, மூன்று பேருக்காக ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தேன். அந்தச் சொல் 'கொள்ளாம்'.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அப்போது ஜோர்தானின் வடக்கே, சிரியாவில் நடந்த போருக்குத் தப்பி வந்தவர்களுக்கான ஒரு தொண்டு மருத்துவமனையில் தாதிமாருக்குப் பொறுப்பாக இருந்தேன். எங்கள் பிரசவ வார்டில் பன்னிரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஐந்து பேர் செய்துகொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்குள் ஆள் கிடைக்காவிட்டால் குறைமாதக் குழந்தைகளுக்கான அறையை மூடவேண்டியதுதான் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். அவர் நோர்வேக்காரர். "இந்தியாவின் தெற்கு முனையில் வீட்டுக்கு வீடு நர்ஸ் இருக்கிறார்களாமே, நீதான் தமிழ் பேசுவாயே, போய் ஆறு பேரைக் கூட்டிவா" என்றார். தமிழ் எங்கே போனாலும் ஒரே தமிழ் என்பது அவர் நினைப்பு. உண்மையைச் சொன்னால் என் நினைப்பும் அதுதான்.

எனக்கு வாய்த்த ஆட்டோக்காரர் வில்சன். மழை தூறிக்கொண்டிருந்தது. நேர்முகத் தேர்வுக்காக ஒரு பள்ளிக்கூட அறையைப் பார்க்கப் போனோம். வில்சன் கதவு வழியாகத் தலையை நீட்டி நாலு மூலையும் பார்த்தார். "கொள்ளாம் மேடம்" என்றார்.

கொள்ளாது என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "அப்ப இன்னும் பெரிசாப் பார்ப்பம்" என்றேன். அடுத்த இடத்தையும் பார்த்துவிட்டு "கொள்ளாம்" என்றார். கடைசியில் மேடையும் சரவிளக்கும் உள்ள மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே வாயைப் பிளந்து, "இது ரொம்பக் கொள்ளாம்" என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நன்றாக இருக்கிறது என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்களாம். அதற்குள் முன்பணம் கொடுத்தாயிற்று. ஆறுதலுக்கு ஒரு கடையில் ரசவடை வாங்கித் தந்தார். ரசத்தில் ஊறிய பருப்புவடை. நாங்கள் வடையைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிக்கிற ஆட்கள். இங்கே வடையைக் கரண்டியால் வெட்டிக் குடிக்கிறார்கள். ரொம்பக் கொள்ளாம்.

மறுநாள் காலை சரவிளக்கின் கீழ் நானும், அடுக்கிய நாற்காலிகளும், வில்சனும் காத்திருந்தோம். பதினொரு மணிவரை மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தன் மகனுக்கு டிரைவர் வேலை உண்டா என்று கேட்டார். இன்னொருவர் மண்டபத்தில் என்ன விசேஷம் என்று பார்க்க வந்தவர். மூன்றாவதாக வந்தவள்தான் சுதர்சினி.

முப்பது வயது இருக்கும். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம். எனக்கு எழுந்து நின்று கைதட்டவேண்டும்போல் இருந்தது.

"பாஸ்போர்ட் கொண்டு வந்தனீங்களோ?"

"இல்ல மேடம். எனக்கு பாஸ்போர்ட் கிட்டாது."

"ஏன்?"

"நான் கேம்ப்புல இருக்கேன். கன்னியாகுமரிப் பக்கம். சிலோன் அகதி."

எந்த ஊர் என்று கேட்டேன். மன்னாரில் பேசாலை என்றாள். ஆறு வயதில் படகில் வந்தவளாம். ஆனால் பேச்சில் பேசாலையின் சாயல் ஒரு சொட்டு இல்லை. முழுக்க முழுக்க இந்த ஊர் இழுவை. அவளுடைய பிறப்புச் சான்றிதழ் அங்கேயே எரிந்துபோய்விட்டது. அதன் நகலுக்கு விண்ணப்பித்து வருடக்கணக்காக ஆகிறது.

"கிடைக்காது எண்டு தெரிஞ்சும் ஏன் வந்தனீங்கள்?"

"கேட்டுப் பாக்கலாமேண்ணுதான். பொறவு, இன்னொரு காரியம் சொல்லணும்." முன்னால் சாய்ந்து, நான் கொடுத்த விளம்பரத்தை எடுத்துக் காட்டினாள். "இதுல 'போர் அகதிகள்'ணு வல்லிய எழுத்துல போட்டிருக்கு. ஈராக்குல நர்சுமாரு மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்தத இப்பத்தான் எல்லாரும் டிவியில பாத்தாவ. எவ வருவா? வரணும்ணு உள்ளவளையும் அவளுக்க அம்ம விடமாட்டா. நீங்க வீட்டுக்குப் போணும் மேடம். அம்மமாரிட்ட பேசணும்."

"எனக்கு வீடு ஒண்டும் தெரியாதே."

"எனக்குத் தெரியும். இந்த வாரம் எனக்கு லீவுதான்."

அன்று மாலையே இயக்குநருக்கு மின்னஞ்சல் எழுதினேன். கடவுச்சீட்டு இல்லாத ஒரு தாதியைக் கொண்டுவர ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். வழி இருக்காது என்று தெரிந்தேதான் எழுதினேன்.

மூன்றாம் நாள் இராஜாக்கமங்கலத்துக்குப் போனோம். சாலையின் ஒரு பக்கம் வயல், தென்னை. திரும்பிப் பார்த்தால் மலை. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஏறி நிற்க ஒரு மேடு கிடையாது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் தொலைவில் ஒரு மலை நின்று பார்க்கிறது. வயலும் கடலும் மலையும் ஒரே சவாரியில் வருவதை வில்சன் தான் ஏற்பாடு செய்ததுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கடலோரத்து வீடு ஜெனிஃபருடையது. சுதர்சினியோடு ஒரே மருத்துவமனையில் வேலை பார்த்தவள். இரண்டு வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவள். அவள் ஏற்கனவே தயார். தடை அவளுடைய அம்மா லூர்தம்மாள். சந்தையில் மீன் விற்பவர், கணவர் கடலுக்குப் போகிறவர். அவர் எங்களை வரவேற்ற விதத்தில் ஒரு குறையும் இல்லை. மரச்சீனி என்று இங்கே சொல்கிற மரவள்ளிக் கிழங்கும், தேங்காய் அரைத்த சாளைமீன் கறியும் வைத்தார். நாங்கள் மீன்குழம்புக்கு வறுத்த தூளைப் போட்டுக் கண்ணில் நீர் வர வைப்போம். இது கண்ணை மூட வைத்தது. ஆனால் இரண்டாம் கவளத்திலேயே லூர்தம்மாள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"நல்லாத் தின்னுங்க. ஆனா மோள அனுப்ப மாட்டேன்."

"அம்மே..." என்றாள் ஜெனிஃபர்.

"நீ சும்மா இரிட்டி." என்னைப் பார்த்தார். "அங்க குண்டுச் சத்தம் கேக்குமா, கேக்காதா? நேராச் சொல்லுங்க."

பொய் சொல்லியிருக்கலாம். ஜெனிஃபரின் கண் என்னைக் கெஞ்சியது. "காத்து எங்கட பக்கம் அடிச்சால் சில நாள் கேக்கும்" என்றேன். "எல்லைக்கு அந்தப் பக்கம். மருத்துவமனை பாதுகாப்பான இடத்திலதான் இருக்குது. ஆனால் சத்தம் கேக்கும்."

லூர்தம்மாள் தலையாட்டினார். "கடலுக்குப் போறவனுக்க வீட்டுல தினமும் பேடிதான். காத்து அடிச்சா பேடி, மழ பெய்தா பேடி. மோளயாவது பேடி இல்லாத எடத்துல இருக்கட்டும்ணு படிக்க வச்சேன். அதுலயும் பேடியா?"

பேடி என்றால் பயம் என்று யாரும் சொல்லாமலே புரிந்தது. கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்போது சுதர்சினி பேசினாள், யாரையும் பார்க்காமல்.

"நாங்க போட்டுல வந்து எறங்கினப்ப எங்க அம்மைக்கு ஒம்பதாம் மாசம். மணல்லயே வலி வந்துட்டு. அம்ம கத்துதா, நான் அழுதேன். ஒரு நர்சு வந்தாவ. யாருண்ணு எங்களுக்கு இப்பளும் தெரியாது. பேரு கேக்கல்ல. எனக்க தம்பிய அவியதான் எடுத்தாவ. அவிய முந்தானையக் கிழிச்சுப் பிள்ளையப் பொதிஞ்சாவ." தட்டிலிருந்த முள்ளை ஓரமாக ஒதுக்கினாள். "அவியளுக்கும் வீட்டுல ஒரு அம்ம இருந்திருப்பாவல்லா."

லூர்தம்மாள் எழுந்து போய்ச் சட்டியைக் கொண்டுவந்து, அடியில் கிடந்த பெரிய மீனாகப் பார்த்து சுதர்சினியின் தட்டில் வைத்தார். அவ்வளவுதான். சரி என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஆட்டோ வயல்களுக்கு நடுவே நின்றுபோனது. வில்சன் கீழே இறங்கி, அதைத் தட்டினார், திட்டினார், பிறகு அதன் தோளில் கைபோட்டுப் பேசினார். அசையவில்லை. நாகர்கோவிலுக்குப் போன ஒரு மீன் வண்டியில் எங்களை ஏற்றிவிட்டார். ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தபடி நானும் சுதர்சினியும் பயணம் செய்தோம். அன்று மாலை ஒரு நர்சிங் கல்லூரி முதல்வரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் கடைசிவரை ஜன்னல் பக்கமாகவே நின்று பேசினார்.

நான்காம் நாள் சுசீந்திரம். வில்சனின் ஆட்டோ இன்னும் குணமாகவில்லை என்பதால் டவுன் பஸ். காயம்பட்ட ஆண்கள் பெண் தாதிகளிடம் கூச்சப்படுகிறார்கள், எங்களுக்கு ஆண் தாதி அவசரமாகத் தேவை என்று சொல்லியிருந்தேன். ஹரி என்ற இளைஞனைச் சுதர்சினிதான் கண்டுபிடித்தாள். ஹரியின் அப்பா கல்யாண வீடுகளில் தலைமைச் சமையல்காரர். அவர் குண்டுச் சத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை, விசாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"அங்க சோறு உண்டுமா?"

"ரொட்டிதான் கூட. அரிசியும் கிடைக்கும்."

"புழுங்கலா, பச்சையா?"

"நீளமான பச்சரிசி."

நெடுநேரம் யோசித்தார். "அவியல் வைக்கக் காய் கிட்டுமா?"

கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் கிடைக்கும் என்றேன். முருங்கைக்காய் இல்லை என்றதும் அவர் முகம் வாடிப்போனது. ஆனாலும் சம்மதித்தார். வாசல்வரை வந்த ஹரி மெல்லச் சொன்னான்: "மேடம், சீக்கிரம் கூட்டிட்டுப் போயிருங்க. தை பொறந்தா எனக்குக் கல்யாணம் வச்சிருவாவ."

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பழம்பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் இயக்குநரின் பதில் வந்தது. மூன்றே வரி. மிகவும் வருந்துகிறார், வழி இல்லை. சுதர்சினியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கைப்பேசியை அப்படியே நீட்டினேன். அவள் படித்தாள்.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானக்கா" என்றாள். மேடமாக இருந்த நான் அன்றிலிருந்து அக்கா ஆனேன். "ஆனா நீங்க எனக்காக ஒரு ஆள்ட்ட கேட்டீங்கல்லா." பிறகு என் தட்டைக் காட்டி, "அத நீங்க தின்னேலண்ணா நான் எடுக்கட்டா?" என்று கேட்டாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு நடந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. என் கையில் ஒரு கடவுச்சீட்டு வந்து சேர்ந்தது, இவள் கையில் வரவில்லை. இரண்டு பேருக்கும் இடையில் வேறு வித்தியாசம் ஏதும் எனக்குத் தெரியவில்லை. பழம்பொரியை அவள் பக்கம் தள்ளினேன்.

திங்கட்கிழமை பத்மநாபபுரம். ஆட்டோ குணமாகிவிட்ட சந்தோஷத்தில், அரண்மனையைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று வில்சன் கிளம்பினார். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. பூட்டிய கதவின் முன்னால் நின்று, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விவரித்தார். தரை கண்ணாடிபோல் மின்னுமாம். நம்பினேன்.

நாங்கள் பார்க்கப் போனது கோட்டைச் சுவருக்கு அருகில் குடியிருந்த ராஜம் சிஸ்டரை. சவுதியில் பதினெட்டு ஆண்டு வேலை பார்த்துத் திரும்பியவர். விளம்பரத்தைப் பார்த்து அவரே அழைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி அவருடையது.

"எனக்கு ஐம்பத்தி நாலு வயசு. நீங்க நாப்பத்தஞ்சுக்குள்ளண்ணு போட்டிருக்கீங்க. அந்த நாப்பத்தஞ்சுக்கு அரபி பேச வருமா?"

நான் அங்கேயே மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். எடுத்தவர் எங்கள் சிரியா நாட்டு டாக்டர். ராஜம் சிஸ்டர் கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி அரபியில் ஆரம்பித்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் டாக்டர் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கைப்பேசி திரும்பி என் கைக்கு வந்தபோது டாக்டர் சொன்னது இதுதான்: "இவரை அனுப்பாவிட்டால் நீ திரும்பி வராதே."

ராஜம் சிஸ்டர் தனியாக வருவதாகவும் இல்லை. தன் கீழ் வேலை பார்த்த மூன்று பெண்களுக்கு அங்கே உட்கார்ந்தபடியே போன் செய்தார். மூன்று பேரும் சரி என்றார்கள். மாலைக்குள் கையில் ஐந்து பேர். ஜெனிஃபர் வந்தால் ஆறு.

கிளம்புவதற்கு முந்தின நாள் சுதர்சினி ஒரு யோசனை சொன்னாள். "அக்கா, இவிய எல்லாம் அகதிகளப் பாக்கப் போறாவ. ஆனா இஞ்ச பஸ்சுல ஒரு மணிக்கூறு தூரத்துல கேம்ப் இருக்கு, ஒருத்தரும் வந்ததில்ல. ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போட்டுமே."

கேம்ப்புக்குள் போக அனுமதிக் கடிதம் வேண்டும், அதற்கு நாளாகும். எனவே அன்று பிற்பகலே நான் ஐந்து பேரையும் கூட்டிப்போனேன், கேம்ப்பின் பெண்கள் வெளியே வந்தார்கள். சாலையோரத்தில் சிலுவை நட்ட ஒரு சின்னக் குருசடி, அதன் முன்னால் தகரக் கொட்டகை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தேங்காய்ப்பூ போட்ட புட்டும் சொதியும் கொண்டுவந்திருந்தார்கள். அந்த வாசனைக்கு, வணக்கம் சொல்வதற்கு முன்பே தட்டை நீட்டிவிட்டேன். நாகர்கோவில் பக்கத்துப் புட்டு குழாயில் அவிந்து நீளமாக வரும். எங்களுடையது ஓலைப்பெட்டியில் அவிந்து உதிரியாக வரும். எது உண்மையான புட்டு என்று ராஜம் சிஸ்டருக்கும் மன்னார்ப் பெண்களுக்கும் நடந்த வாக்குவாதத்தில் எல்லோருக்கும் கூச்சம் போய்விட்டது.

அந்த நேரத்தில் ஒரு மீன் வண்டி வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து லூர்தம்மாள் இறங்கினார். பின்னால், சுதர்சினி சொல்லி அனுப்பியிருந்த ஜெனிஃபர். "நான் ஒண்ணும் சொல்ல வரல்ல. கேக்கத்தான் வந்தேன்" என்று ஓரமாக உட்கார்ந்தார்.

சுதர்சினியின் அம்மாதான் முதலில் பேசினார். மெலிந்த பெண்மணி. மன்னார்த் தமிழ் இருபத்துநான்கு வருடத்துக்குப் பிறகும் அப்படியே இருந்தது.

"அங்க கூடாரமோ, தகரமோ?" என்று என்னிடம் கேட்டார்.

"கூடாரம்தான் கூட. இப்பதான் தகரப் பெட்டி வீடு குடுக்கினம்."

"தகரம் பகலில கொதிக்கும். பிள்ளைத்தாச்சியளைப் பகலில உள்ளுக்க இருக்க விடாதேங்கோ." ஹரி உடனே பையிலிருந்து நோட்டை எடுத்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அகதி அட்டை நம்பரைக் கேட்பதற்கு முன்னால் பேரைக் கேளுங்கள். பால் மா கொடுக்கும்போது எல்லாருக்கும் முன்னால் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள். கூடாரத்துக்குக் கதவில்லை என்றாலும் வெளியே நின்று குரல் கொடுத்துவிட்டு வாருங்கள். கடைசியாகச் சுதர்சினியின் அம்மா சொன்னார்:

"எப்ப ஊருக்குப் போகலாம் எண்டு உங்களிட்டக் கேப்பினம். எல்லாரிட்டையும் கேப்பினம். 'கெதியில போகலாம்' எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அப்பிடிச் சொன்ன ஒரு நர்சம்மாவை நான் இருபது வருசமா மனசுக்குள்ள ஏசிக்கொண்டிருக்கிறன். பாவம், அவ நல்ல மனுசி."

ஒருவரும் எழுதவில்லை. லூர்தம்மாள் எழுந்து வந்து சுதர்சினியின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்த ரோட்டுல பஸ்சுல எத்தன தடவ போயிருப்பேன்" என்றார். "ஒரு நாளும் எறங்கல்ல." பிறகு திரும்பி மகளைப் பார்த்து அதட்டினார். "ஏட்டி, எழுதாம எதுக்கு வாயப் பாத்துட்டு நிக்கிய? ஒண்ணும் விடாம எழுதி எடு. அங்க போயி முழிக்கதுக்கா?"

ஜெனிஃபருக்கு அது புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் நோட்டைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மாலை ஆறு மணிக்குள் பெண்கள் கேம்ப்புக்குத் திரும்ப வேண்டும். மீதிப் புட்டைக் கட்டி எங்கள் எல்லோர் கையிலும் திணித்துவிட்டுப் போனார்கள்.

தாள்கள் சரியாகி வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஆறு பேரையும் அழைத்துப்போக ஐப்பசி மழையில் மறுபடி வந்தேன். காலை ரயிலில் திருவனந்தபுரம் போய் அங்கிருந்து விமானம். நாகர்கோவில் ரயில் நிலையத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது. ஹரியின் அப்பா அரிசி மூட்டையோடு வந்திருந்தார். விமானத்தில் எடை கணக்கு உண்டு என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பாதியைத் திருப்பி அனுப்பினோம். ராஜம் சிஸ்டர் தன் மூன்று பெண்களுக்கும் ஜன்னல் வழியாக அரபி ஒப்பித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "ஷ்வை ஷ்வைண்ணா நம்ம 'பைய பைய'தான். பிரசவ வார்டுல இத ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

லூர்தம்மாள் கருவாட்டுப் பொதியைப் பெட்டியின் எந்த மூலையில் வைத்தால் மணக்காது என்று பார்க்க உள்ளே ஏறினார். சுதர்சினி அவருக்கு உதவ ஏறினாள். இருவரும் இருக்கைக்கு அடியில் குனிந்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தபோது ரயில் நகர்ந்துவிட்டது.

"ஐயோ மாதாவே!" என்று லூர்தம்மாள் எழுந்தார். பிளாட்பாரத்தில் வில்சன் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்து நின்றுவிட்டார். சங்கிலியை இழுக்கப் போன ஹரியைப் பிடித்து நிறுத்தினோம். அடுத்த நிறுத்தம் இரணியல். அதுவரைக்கும் சமாளிக்கலாம் என்று சுதர்சினி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். லூர்தம்மாளும் சிரித்தார். பிறகு பெட்டியில் இருந்த எல்லோரும்.

அந்தக் கொஞ்ச நேரம், சுதர்சினி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். மழையில் நனைந்த வயலும் மலையும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஆறு பேரோடு ஏழாவதாக அவளும் பயணம் போவதுபோல்தான் இருந்தது.

இரணியலில் டிக்கெட் பரிசோதகர் யாரும் இல்லை. இருவரும் இறங்கினார்கள். லூர்தம்மாள் மகளின் கன்னத்தை ஜன்னல் கம்பி வழியாகத் தொட்டார். பிறகு சுதர்சினியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வா மக்கா. நம்ம வீட்டுக்குப் போயி சாயா குடிச்சிட்டு, பொறவு ஒன்னய பஸ் ஏத்தி விடுதேன்."

ரயில் மறுபடி நகர்ந்தது. சுதர்சினி இரண்டு அடி கூட நடந்து வந்தாள்.

"அக்கா, அடுத்த வருசமும் ஆள் எடுப்பீங்கல்லா?"

"எடுப்பம்."

"அப்ப அந்த லிஸ்டுல எனக்க பேர இப்பளே எழுதிப் போடுங்க. பாஸ்போர்ட் வந்தா வருவேன். வரல்லண்ணா, வாரவியளுக்க வீட்டு அம்மமாரிட்ட நான் பேசுதேன்."

நான் மடியிலிருந்த கோப்பைத் திறந்தேன். அந்தத் தாளில் ஆறு பேரின் பெயர்களும் கையெழுத்துகளும் நிறைந்து, இடம் இல்லை. புதிதாக ஒரு தாளை எடுத்து, முதல் வரியில் எழுதினேன்: சுதர்சினி. ஊர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று நிமிர்ந்து பார்த்தேன். பிளாட்பாரத்தின் முனையில் லூர்தம்மாள் அவளுக்குக் குடை பிடித்தபடி சாலைப் பக்கம் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார்.

கன்னியாகுமரி மாவட்டம் என்று எழுதினேன்.